சாம்பல் நிற ஹெட்செட் மீது ஒரு புகார்

பிப்ரவரி 3, செவ்வாய். தூத்துக்குடி

சென்னையிலிருந்து மேலாளர் வரதன் மூன்று பெட்டிகள் அனுப்பியிருக்கிறார். மூன்றிலும் விமானி மாட்டும் ஹெட்செட். ஒவ்வொன்றையும் சில நாட்கள் மாட்டிப் பறந்துவிட்டு எது தேவலை என்று நான் எழுதித் தர வேண்டும். நான் கைகாட்டுவதையே கம்பெனியின் எட்டு விமானங்களுக்கும் வாங்குவார்களாம். "சென்னியப்பன், பதினெட்டு வருஷமா தலைல மாட்டுற ஆளு நீங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றார். புகழ்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்? அதற்காகவே இந்த நோட்டை வாங்கினேன்.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்காக: எங்கள் விமானத்தின் வயிற்றில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதில் கேமரா. கடற்கரையின் மேல் உழவு ஓட்டுகிற மாதிரி போய்ப் போய்த் திரும்ப வேண்டும், படம் எடுக்க வேண்டும். மொத்தம் அறுபத்துநான்கு கோடுகள், ஒருநாளைக்கு நான்கு மணி நேரம். அந்த ஓட்டை வழியாக எஞ்சின் இரைச்சல் முழுக்க உள்ளே வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துக்கொள்ளும் டெல்சியாவுடன் பேசக்கூட ஹெட்செட் வேண்டும்.

மார்ச் பிறந்தால் வானம் புழுதி கட்டிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். முடிப்பேன்.

26-ஆம் தேதி சென்னையில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. அது ஒரு சம்பிரதாயம்.

பிப்ரவரி 5, வியாழன்

முதல் பெட்டி: பச்சை. பழைய பாணி. பேட்டரி கிடையாது, தடித்த கப்புகளே சத்தத்தைத் தடுக்க வேண்டும். தடுப்பதற்காகத் தலையை இடுக்கிப் பிடிக்கிறது.

ஹெட்செட்டைக் கடையில் மாட்டிப் பார்த்து வாங்குகிறவன் ஏமாளி. கடையில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். மூன்றாவது மணி நேரத்தில்தான் அது தன் குணத்தைக் காட்டும். உச்சந்தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓரிடத்தில் வலி தொடங்கும். கறுப்புக் கண்ணாடியின் காம்பு கப்புக்கு அடியில் சிக்கிப் பொட்டில் குத்தும். அந்தக் காம்பு போட்ட இடைவெளியில் இரைச்சல் உள்ளே நுழையும். வியர்வை கப்புக்குள் தேங்கிக் கசகசக்கும். பச்சை இந்த நான்கிலும் தேர்ச்சி பெற்றுவிட்டது.

இன்னொரு குறை: இடது கப்பில் ஒலி மந்தம்.

பிப்ரவரி 6, வெள்ளி

பச்சை. தலைவலி. ஆறு கோடுகள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடுப்பு. துணி துவைத்தேன். லாட்ஜ் பையன்கள் இஸ்திரிக்கு எடுத்துப்போன சட்டை ஒன்று திரும்பவில்லை. பேன்ட் மட்டும் பத்திரமாக வந்திருக்கிறது.

சாயங்காலம் கோபிசெட்டிப்பாளையத்திலிருந்து நாகமணி போனில் பேசினாள். "ஏனுங்க, டிவிய யாருக்காகங்க அவ்வளவு சத்தமா வெச்சிருக்கீங்க? பக்கத்து ரூம்ல ஆளுங்க இருப்பாங்கல்ல?" என்றாள். லாட்ஜ் டிவி பழசு, ஒலி தெளிவாக இல்லை என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் இருப்பது அபூர்வம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இரண்டாவது: கறுப்பு. பேட்டரி போட்டது. பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் இரைச்சலைப் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. தலையை அவ்வளவாக இடுக்கவில்லை. ஆனால் மைக் தண்டு நிற்க மாட்டேனென்கிறது, பேச்சுக்கு நடுவில் தாடைக்குச் சரிகிறது.

இதிலும் இடது கப்பு மந்தம். இறங்கியதும் மெக்கானிக் மீரான் பாயிடம் கொடுத்தேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் கேக்கு சார்" என்றார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் காதை நம்பி என்ன செய்வது?

டெல்சியா பற்றி ஒரு குறிப்பு. வானத்தில் என் வலப்பக்கம் உட்கார்ந்து கணீரென்று பேசும் பெண், தரையில் காரில் ஏறினால் முனகுகிறாள். காரில் நான் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறேன், அவள் என் இடப்பக்கம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசும் பழக்கம் போலிருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

கறுப்பின் பேட்டரி நாற்பத்தோராவது கோட்டின் நடுவில் தீர்ந்தது. எஞ்சின் மொத்தமாகக் காதுக்குள் இறங்கியது. டெல்சியா என் தோளைத் தட்டித் திரும்பச் சொன்னாள். கோட்டை விட்டு வெகுதூரம் போயிருந்தேன்.

"மூணு தடவ சொன்னேன் சார், 'திரும்புங்க'ன்னு."

"பேட்டரி" என்றேன்.

"என்னுதும் இதே மாதிரிதான் சார். பேட்டரி போனாலும் பேச்சு கேக்குமே."

அவள் வேலை கேமராவைப் பார்ப்பது. ஹெட்செட்டுக்குச் சான்றிதழ் கொடுப்பது என் வேலை.

பிப்ரவரி 16, திங்கள்

மூன்றாவது பெட்டியை இவ்வளவு நாள் ஏன் பிரிக்காமல் வைத்திருந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். சாம்பல் நிறம். கையில் எடுத்தால் கனமே இல்லை. மெத்தை மிருதுவாக இருப்பதால் கண்ணாடிக் காம்பு அதற்குள் அமுங்கிவிடுகிறது, குத்தவில்லை. நான்கு மணி நேரம் கழித்துக் கழற்றும்போது உச்சந்தலையில் வலி இல்லை. மைக் வைத்த இடத்தில் நிற்கிறது. பேட்டரி தீருமுன் சிவப்பு விளக்கு எச்சரிக்கிறது.

எல்லாவற்றையும்விட, கம்பியில் தொங்கும் சின்னப் பெட்டியில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிச் சக்கரம். இடதை முழுக்க ஏற்றினேன், வலதைப் பாதியில் வைத்தேன். இரண்டும் சமமாகிவிட்ட மாதிரி இருந்தது. இப்படித்தான் செய்ய வேண்டும் ஹெட்செட்டை!

பிப்ரவரி 18, புதன்

நாளை எஞ்சின் பராமரிப்பு முடிகிறது. ஐம்பத்திரண்டு கோடுகள் ஆயிற்று. மீதி பன்னிரண்டு.

போனில் காதுப் பரிசோதனை செய்யும் ஆப் ஒன்று இறக்கி வைத்திருக்கிறேன். மருத்துவப் பரிசோதனையில் சில வருடங்களுக்கு ஒருமுறைதான் இது வரும், இந்தத் தடவை உண்டு: பீப் சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். உன்னிப்பாகக் கவனித்தால் அதில் ஒரு தாளம் இருப்பது தெரிகிறது. மூன்று பீப், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. வலது காதில் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் இடதுக்கும் அதே தாளம்தான். நேற்றிலிருந்து அறுபது தடவை செய்து பார்த்துவிட்டேன். எந்தத் தேர்வுக்கும் பயிற்சி வேண்டும். இதில் தவறு என்ன?

பதினெட்டு வருடம் பறந்தவன் ஒரு பீப் சத்தத்துக்காகத் தரையில் உட்கார மாட்டான். நான் உட்கார மாட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று நடந்ததை எழுத மனமில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பராமரிப்புக்குப் பிறகு விமானி மட்டும் தனியாக ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் முறை. சாம்பலை மாட்டிக்கொண்டு காலை 9.40-க்கு எழும்பினேன். மாற்றுக்கு எடுத்துப்போகும் என் பழைய ஹெட்செட் டெல்சியாவின் மேசை மேலேயே கிடந்தது. விமானத்தின் கூரையில் இருந்த ஸ்பீக்கரை, கேமரா பொருத்தும்போதே கழற்றிவிட்டார்கள். எஞ்சின் வெண்ணெயாக ஓடியது. கடலின் மேல் போனேன்.

இடது பக்கம் ஒலி இறங்கியிருக்குமோ என்று தோன்றியது. பார்க்காமலேயே கம்பிப் பெட்டியைக் கையில் பிடித்துச் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினேன். அத்தோடு எல்லாம் நின்றது. விமான நிலையக் கண்ட்ரோல் டவரின் குரல் இல்லை. என் குரலே என் காதில் இல்லை.

இரண்டு பிளக்கையும் பிடுங்கிச் செருகினேன். அடுத்த ரேடியோவுக்கு மாற்றினேன். பேட்டரி விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. டவரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. ரேடியோ போனால் கருவியில் 7600 என்று எண் வைக்க வேண்டும். அது ரேடாரில் 'இவன் செவிடு, ஊமை' என்று காட்டிக்கொடுக்கும். வைத்தேன். யாராவது கேட்பார்கள் என்று வெறும் காற்றிடம் என் இடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டே ஊரை நோக்கித் திரும்பினேன்.

ஓடுபாதை கண்ணில் பட்டபோதுதான் அதைப் பார்த்தேன். பயணிகள் விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. சக்கரங்கள் வெளியே வந்திருந்தன. என்னைப் பார்த்துவிட்டோ, டவர் சொல்லியோ, அது மூக்கைத் தூக்கி எனக்கு எதிரே மேலே ஏறியது. அடிவயிறு மொத்தமும் தெரிந்தது. எழுபது பேராவது இருந்திருப்பார்கள். இவ்வளவு பயம் எனக்கு வந்ததே இல்லை.

டவரிலிருந்து பச்சை விளக்கு காட்டினார்கள். இறங்கினேன்.

அப்புறம் டவரிலிருந்து போன் வந்தது. அந்த மனிதர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "கேப்டன், நீங்க பேசினது பூரா எங்களுக்குக் கேட்டுச்சு. கடல் மேலயே சுத்துங்கன்னு ஆறு தடவ கூப்பிட்டோம். நீங்க நேரா வரவும் அந்த ப்ளைட்ட மேல ஏத்திட்டோம்" என்றார். என்ன காரணம் என்று எழுதித் தரச் சொன்னார்.

எழுதித் தந்துவிட்டேன்: ஹெட்செட் பழுது.

பிப்ரவரி 20, வெள்ளி

காலையில் மீரான் பாய் விமானத்தில் ஏறிச் சாம்பலை, நான் விட்டுப்போன நிலையிலேயே செருகினார். டெல்சியா பக்கத்தில் நின்றாள். "நான் பாக்கேன்" என்று வாங்கி மாட்டியவள், மறுகணமே இடது கப்பைப் பிடுங்கி எறியாத குறையாகக் கழற்றினாள்.

"எம்மாடி! காது கிழிஞ்சிரும் போல இருக்கே!" என்றாள். "டவர் பேசுறது கேக்கு. காத்து எங்கிட்டுன்னு யாருக்கோ சொல்லுதாங்க. நல்லாத்தான சார் இருக்கு?"

மீரான் பாய் கம்பிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். சக்கரங்களுக்குப் பக்கத்தில் கடுகத்தனை ஒரு சுவிட்ச்.

"இது ஸ்டீரியோவுக்குத் தள்ளிக் கெடக்கு சார். சக்கரத்தத் தள்ளும்போது விரல் பட்டு நகந்துருக்கும். நம்ம ப்ளேன் பழசு, மோனோதான். இப்படிப் போட்டா வலது கப்பு ஊமையாயிரும். இடதுல மட்டுந்தான் கேக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். சக்கரத்தைப் பார்த்தார். "இடத ஃபுல்லா வச்சிருக்கீங்களே" என்று மெல்லச் சொன்னார்.

சுவிட்ச்தான் காரணம் என்று ஆகிவிட்டது. விஷயம் முடிந்தது. இந்த மாதிரித் தப்பான இடத்தில் சுவிட்ச் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும்.

மத்தியானம் வரதன் போன். "சாம்பல் நடுவானத்துல கைவிட்ருச்சாமே? அதை லிஸ்ட்லருந்து அடிச்சுட்டேன். கறுப்பும் சரியில்லன்னீங்க. அப்ப பச்சையே எட்டு ப்ளேனுக்கும் சொல்லிடறேன். பேட்டரி இல்ல, சுவிட்ச் இல்ல, வம்பில்ல" என்றார்.

சரி என்றேன்.

பிப்ரவரி 21, சனி

வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. விமானம் தயார், நான் தயார். டெல்சியா வரவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து டெல்சியா நேராக லாட்ஜுக்கு வந்தாள். எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் டீயை ஆற்றிக் குடித்தேன். சாலையில் உப்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவளும் பேசாமல் உட்கார்ந்திருப்பது நல்லது என்று நினைத்தேன். டீ முடிந்தது. அவள் எழுந்து வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"சார், அந்தப் பக்கம் இருந்து ரெண்டு நிமிசமா பேசிட்டே இருந்தேன்."

லாரிச் சத்தம் என்றேன்.

"லாரிச் சத்தம், பேட்டரி, சுவிட்ச்சு." அவள் விரல் விட்டு எண்ணினாள். "எனக்கு அஞ்சு வயசுல ஒரு பிள்ள இருக்கா சார். அவள எங்க அம்மைகிட்ட விட்டுட்டுத்தான் உங்க பக்கத்துல ஏறி உக்காருதேன். நீங்க நல்ல பைலட்டு. உங்கள மாதிரி நேரா கோடு போடுற ஆள நான் பாத்ததில்ல. ஆனா அன்னைக்கு அந்த ப்ளைட்டு மேல ஏறாம இருந்துருந்தா?"

"நான் முறைப்படிதான் வந்தேன்."

"முறைப்படிதான் வந்தீங்க. முறைப்படி எழுதலையே." பையிலிருந்து பச்சை ஹெட்செட்டை எடுத்து பெஞ்சில் வைத்தாள். "இனி இதத்தான் எட்டு ப்ளேன்லயும் பதினாறு பேரும் மாட்டணும். இத மாட்டுனா எஞ்சினு மூளைக்குள்ள ஓடுது. உங்க காது இப்படி ஆனதே இந்த மாதிரி ஒண்ண மாட்டித்தானே? அடுத்து என் காது. நல்ல ஹெட்செட்டு மேல பொய்யா புகார் எழுதிட்டு, கெட்டத எங்க தலைல கட்டுதீங்க."

"என் வேலை போயிரும், டெல்சியா" என்றேன். அது மட்டும்தான் வாயிலிருந்து வந்தது.

"தெரியும் சார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்." எழுந்து போய்விட்டாள்.

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். அறைக்கு வந்து ஆப்பைத் திறந்தேன். இடது காதில் பன்னிரண்டு முறையும் சரியாக அழுத்தினேன். பன்னிரண்டில் ஒன்றுகூட எனக்குக் கேட்டு அழுத்தியதில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். மூன்று கூடத்தைக் கோணல் என்று எழுதிவிட்டேன்.

இந்த நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் படித்தேன். ஒவ்வொரு நாளும் 'இடது கப்பு, இடது கப்பு' என்று எழுதியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனின் நோட்டு. கடைசி எட்டு வருடமாக நான் பறந்தது இந்தப் பச்சையின் அண்ணன் ஒன்றை மாட்டிக்கொண்டு. பஞ்சு கிழிந்து, கப்பு விரிசல் விட்டு, அப்போதும் 'நல்லாத்தான் இருக்கு' என்றே பறந்தேன். சாயங்காலம் இறங்கியதும் காதில் ஒரு ரீங்காரம் இருக்கும், காலையில் போய்விடும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் இடது பக்கத்து ரீங்காரம் போகவில்லை. அன்றைக்கே தெரியும்.

பத்து மணிக்கு வரதனுக்கும் டவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். நாலு வரி:

'19-ஆம் தேதி நடந்ததற்கு ஹெட்செட் காரணம் அல்ல. சுவிட்ச் நகர்ந்து ஒலி இடது கப்புக்கு மட்டும் வந்தது, முழு அளவில் வந்தது. இடது காது நன்றாக உள்ள எவரும் அதைக் கேட்டிருப்பார். மூன்றில் சாம்பலே சிறந்தது, அதையே வாங்கவும். சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டால் போதும். மருத்துவர் முடிவு சொல்லும்வரை நான் பறக்க மாட்டேன்.'

அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

நாகமணியைக் கூப்பிட்டேன். "ஒரு விஷயம்" என்று தொடங்கிவிட்டு மேலே போக முடியவில்லை.

"காதுங்களா?" என்றாள்.

போனை வலது காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"மூணு வருசமா எங்க போனாலும் உங்க வலப்பக்கமாத்தானே வந்து உக்கார்றேன். எனக்குத் தெரியாதுங்களா? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். நானும் மெட்ராசுக்கு வர்றேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். வெட்கம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 26, வியாழன். சென்னை

காலை ஏழு மணிக்கே டெல்சியா குரல் செய்தி அனுப்பியிருந்தாள். ஹைதராபாத்திலிருந்து மாற்று விமானி வந்துவிட்டாராம், மீதிக் கோடுகளை இன்று தொடங்குகிறார்களாம். பச்சைக்குக் கொடுத்த ஆர்டரை வரதன் நிறுத்திச் சாம்பலுக்கு மாற்றிவிட்டார். மீரான் பாய் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டார். "அவரு கோடு கொஞ்சம் கோணலாத்தான் போடுதாரு சார்" என்று முடித்திருந்தாள். எனக்காகச் சொன்ன பொய்யாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ரத்தம், கண், இதயம் எல்லாம் முடிந்து கடைசியாகக் காது. பஞ்சு வைத்த சின்ன அறை. நாகமணி வெளியே பெஞ்சில் இருந்தாள். பரிசோதிக்கிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "சத்தம் கேட்டா பட்டன அழுத்துங்க சார்" என்றார்.

வலது காது. கேட்டது, அழுத்தினேன். மூன்று பீப், ஒரு இடைவெளி. நான் பழகிய அதே தாளம். கை தானாகவே அதைப் பிடித்துக்கொண்டது.

பிறகு இடதுக்கு மாற்றினார். அமைதி. ஆனால் எப்போது பீப் வருகிறது என்று எனக்குத் தெரியும். இப்போது. இப்போது. இப்போது. கட்டைவிரல் பொத்தானின் மேல் துடித்தது. அழுத்தினால் போதும், நாளை மறுநாள் தூத்துக்குடியில் நானே கோடு போடலாம். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ காற்றில், எத்தனையோ மழையில் கையை உறுதியாக வைத்திருக்கிறேன். இந்த விரலைச் சும்மா வைத்திருக்க இன்று பட்ட பாடு எதிலும் பட்டதில்லை. பொத்தானைத் தொடையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கோத்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து அவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "சார், மெஷின் ஓடிட்டுத்தான் இருக்கு. எதுவுமே அழுத்தலையே?"

கடிதத்தில் எழுதியிருக்கிறேன். மனைவி எனக்காகச் சொன்னாள், டெல்சியா சொன்னாள். என் வாய் மட்டும் இதுவரை சொன்னதில்லை.

"கேக்கலைங்க" என்றேன்.